சேவல் வயிற்றில் சர்க்கரைப் பொங்கல்

திருச்செந்தூர் சாலையில் போகிற பேருந்துகளில் இன்றும் நடத்துநர்கள், "சேவக்கட எறங்குறவங்கல்லாம் முன்னால வாங்க" என்றுதான் குரல் கொடுப்பார்கள். ஊர்ப் பெயர்ப் பலகையை யாரும் பார்ப்பதில்லை. இரண்டு மாடி உயரத்துக்குச் சிமெண்டுச் சேவல் நிற்கும்போது பலகை எதற்கு? அதன் வயிற்றுக்குள் உட்கார்ந்து இட்லி சாப்பிடுகிறவர்கள், சைவச் சாப்பாட்டுக் கடைக்கு ஏன் சேவல் என்று கேட்பதும் இல்லை. கட்டியவர் என் மாமா. அவர் கட்டியது இட்லிக்கு இல்லை.

முட்டை சேர்த்த கேக்கை வாசலோடு திருப்பி அனுப்பிய சைவக் குடும்பம் எங்களுடையது. அதில் பிறந்த மாமா, வெளியூர் வேலையில் நாக்கு ருசி கண்டு, வேலையையும் விட்டுவிட்டு வந்து, கோழி வறுவல் கடை போடப்போவதாகச் சொன்னார். அன்றோடு தாத்தா அவரிடம் பேச்சை நிறுத்தினார். இருவரும் ஒரே கூடத்தில் இருந்தாலும், "ஒன் மாமாவ அங்கன தள்ளி உக்காரச் சொல்லு" என்று என்னிடம்தான் சொல்லுவார்.

கடையே சேவலாக நிற்க வேண்டும் என்பது மாமாவின் ஆசை. கோபுரத்துக்குச் சுதைப் பொம்மை செய்கிற கொத்தனாரைப் பிடித்தார். அவரும் குறை வைக்கவில்லை. பழக்கதோஷத்தில் கழுத்துக்கு ஆரம், காலுக்குத் தண்டை எல்லாம் பூட்டிவிட்டார். அடுப்புப் புகை அலகு வழியாக வெளியேறும். மாமா தினமும் எதிர்ப்பக்கம் போய் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

திறப்பு விழாவுக்கு அவர் குறித்தது தைப்பூசத்துக்கு முந்தின நாள். திருச்செந்தூருக்கு நடக்கிற கூட்டம் சாலை கொள்ளாமல் வருமாம். வரும்தான். ஆனால் கறி தின்கிறவர்கள் எந்தெந்த நாளில் கறி தொடமாட்டார்கள் என்பது சைவ வீட்டுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? எங்கள் வீட்டில் எல்லா நாளும் ஒரே நாள்தானே.

அன்று விடியும்போது தாத்தா என்னை எழுப்பினார். எனக்கு ஒன்பது வயது. "சத்தங் காட்டாம பைய வாட்டி" என்றார். ஒரு வாளியில் விபூதியைக் கரைத்து எடுத்துவந்து, ஏணியில் ஏறி, வெள்ளையடிக்கிற பிரஷ்ஷால் சேவலின் நெஞ்சில் மூன்று பட்டை இழுத்தார். நான் காலில் அரளி மாலை சுற்றினேன். தேங்காய் உடைத்துவிட்டுக் கண்ணை மூடி வெகுநேரம் வேண்டினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கோபம் தீர்ந்து மகனை ஆசீர்வதிக்கிறார், அதுவும் மகனுக்குத் தெரியாமல்!

எட்டு மணிக்கு மாமா எண்ணெயைக் காயவைத்தார். பட்டையைப் பார்த்து, திருஷ்டிக்காகக் கொத்தனார் போட்டது என்று நினைத்துக்கொண்டார். பச்சை வேட்டிக் கூட்டம் அரோகரா போட்டுக்கொண்டு வந்தது. அலகிலிருந்து புகை கிளம்பியது.

"ஏ யப்பா, சேவலு மூச்சு விடுதே! முருகா!" என்றாள் ஒரு பெண்.

அவ்வளவுதான். சாலையிலேயே விழுந்து கும்பிட்டார்கள். கற்பூரம் எரிந்தது. ஒருவர் உள்ளே தலையை நீட்டி, "அண்ணாச்சி, பிரசாதம் கெடைக்குமா?" என்று கேட்டார். மசாலா தடவிய கோழித் துண்டுகள் ஒரு பேசின் நிறைய மாமாவின் கையில் இருந்தன. அதை வாழையிலையால் மூடிக் கீழே வைத்து, போதாதென்று அதன் முன்னால் சம்மணம் போட்டும் உட்கார்ந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்துத் தாத்தா ஆட்டோவில் வந்து இறங்கினார், ஓர் அண்டா சர்க்கரைப் பொங்கலோடு. இதை எப்போது கிண்டினார்கள் என்று எனக்கு ஆச்சரியம்.

"ஏலே, வந்தவங்கள நிக்க வச்சிக்கிட்டு உக்காந்திருக்க. கரண்டியப் பிடி" என்றார். மூன்று மாதத்துக்குப் பிறகு அவர் மகனிடம் பேசிய முதல் பேச்சு அது.

மாமா என் காதருகில் குனிந்து, பட்டை போட்டது யார் என்று கேட்டார்.

"தாத்தாதான். ஒங்க கடைக்காக எம்புட்டு நேரம் கும்பிட்டாங்க தெரியுமா மாமா!"

அவர் தாத்தாவைப் பார்த்தார். சேவலை அண்ணாந்து பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு கரண்டியை எடுத்தார். அப்பாவின் பாசம் தாங்காமல் அழுகிறார் என்று நினைத்தேன்.

ஊரே கும்பிட்ட சேவலுக்குள் கோழி வறுக்க யாருக்குத் துணிச்சல் வரும்? மறுவாரம் இட்லிக் கொப்பரை வந்து இறங்கியது. தாத்தா வேண்டிக்கொண்டது அப்படியே பலித்துவிட்டது என்று நான் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். என்ன வேண்டிக்கொண்டார் என்று கேட்கத்தான் எனக்குத் தோன்றவில்லை.