நூறு கிராமுக்கு

அந்தக் குறுவையில் எங்கள் தாலுகாவில் நடந்த சண்டை நிலத்துக்கானது அல்ல, மதியச் சோற்றுக்கானது. நிலத்துக்கான சண்டை கோர்ட்டில் கிடந்தது. ஆட்சி மாறியிருந்தது, நில உச்சவரம்பைப் பற்றிப் பழைய அமைச்சர்கள் பேசியதையே புதிய அமைச்சர்களும் பேசினார்கள். மிராசுதார்கள் நிலத்தை உறவினர்கள் பெயரில் துண்டு துண்டாக எழுதி வைத்துவிட்டு, எல்லாவற்றையும் தாங்களே சாகுபடி செய்துகொண்டிருந்தார்கள்.

நடவுக்கு வரும் பெண்களுக்குக் கூலியோடு மதியம் ஒரு வேளைச் சோறு போடுவது வழக்கம். அந்த வருடம் வாய்க்காலில் தண்ணீர் வந்ததும், ஊரிலேயே பெரிய மிராசுதார் சோற்றை நிறுத்தினார். ஆக்கிப்போட ஆள் இல்லை என்றார். பெண்கள் வயலில் இறங்க மறுத்தார்கள். நாற்றங்காலில் நாற்று முற்றத் தொடங்கியது. இன்னும் ஒரு வாரம் போனால் நட்டும் பயனில்லை என்ற நிலையில் தாசில்தார் இரண்டு தரப்பையும் கூப்பிட்டார். நான் ஒரு நாளிதழின் தாலுகா நிருபர். செய்தி எடுக்கப் போயிருந்தேன்.

மேசைக்கு ஒரு பக்கம் மிராசுதார். எதிரே தொழிலாளர் சங்கத் தலைவர், டவுனில் வீடு உள்ளவர். அவருக்குப் பின்னால் நின்றவள், நடவுக்கு ஆள் திரட்டி அழைத்துப் போகும் பெண். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. ஒரு நாற்காலி காலியாக இருந்தது. யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

“சொல்லும்மா, கூலி வாங்குறீங்க, சோறு எதுக்கு?” என்றார் தாசில்தார்.

“பசிக்கும்ங்க.”

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்வரை பொறுத்திருந்து அவள் சொன்னாள். “கூலி நெல்லு நடவு முடிஞ்சாத்தாங்க அளப்பாங்க. சோறு அன்னன்னைக்குக் கெடைக்கும். பாதியத் தின்னுட்டு பாதியத் தூக்குல வீட்டுக்குக் கொண்டுபோவோம். எங்க வீட்டுக்காரரு நெஞ்சு நோவுல ஆறு மாசமா படுத்துருக்காருங்க. நான் கொண்டுபோறதுதான் அவருக்கு.”

“பாருங்க சார், நடறது ஒரு ஆளு, திங்கிறது ரெண்டு ஆளு,” என்றார் மிராசுதார். வயலில் அவளை ‘ஏய்’ என்று கூப்பிடுகிறவர் அன்று ‘அந்த அம்மா’ என்றார். “அந்த அம்மா பசியப் பத்திப் பேசுறாங்க. நான் சத்தப் பத்திப் பேசறேன்.”

பையிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து வைத்தார். உள்ளே ஈயத்தாள் சுற்றிய கறுப்பு சாக்லேட் கட்டிகள். மாப்பிள்ளை லண்டனில் டாக்டர். லீவுக்கு வந்தபோது கொண்டுவந்தது. எல்லோருக்கும் ஒன்று கொடுத்தார். அவளுக்கும் ஒன்று, மேசைமேல் தள்ளிவிட்டார்.

“சோத்துக்குப் பதிலா ஆளுக்கு ஒண்ணு இதத் தர்றேன். இதுல என்னென்ன சத்து இருக்குன்னு வெள்ளைக்காரன் அச்சடிச்சே அனுப்பியிருக்கான். நிருபர் தம்பி, இங்கிலீஷ் தெரிஞ்ச ஆளு நீங்கதான். படிங்க, கேப்போம்.”

எனக்கு அது பெருமையாக இருந்தது. கட்டியின் பின்பக்கத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி உரக்க வாசித்தேன், தமிழாக்கியபடியே. சக்தி ஐந்நூற்று நாற்பது கலோரி. புரதம் ஐந்து கிராம். கொழுப்பு முப்பத்தைந்து. இரும்புச்சத்து பத்து மில்லிகிராம்.

“ரத்தத்துக்கு இரும்பு,” என்று மிராசுதார் எடுத்துக்கொடுத்தார்.

“ஒரு வேளைச் சோத்துல எவ்வளவு கலோரி இருக்கும்?” என்று தாசில்தார் பொதுவாகக் கேட்டார். எங்கள் பத்திரிகையின் ஞாயிறு இணைப்புக்கு அதைப் பற்றி ஒரு கட்டுரையை நான் மொழிபெயர்த்திருந்தேன். ஐந்நூறு, ஐந்நூற்றைம்பது இருக்கும் என்றேன்.

“அப்பறம் என்ன, சரிக்குச் சரி,” என்றார் தாசில்தார்.

தாளை மடிக்கும்போதுதான் பட்டியலின் தலைப்பு கண்ணில் பட்டது: நூறு கிராமுக்கு. கீழே, சின்ன எழுத்தில், கட்டியின் எடை: நாற்பது கிராம். நான் வாசித்த ஒவ்வொரு எண்ணிலும் பாதிகூட அந்தக் கட்டியில் இல்லை. அப்போதே சொல்லியிருந்தால் அது வெறும் ஒரு திருத்தம். மிராசுதார் என் இங்கிலீஷைப் பற்றிச் சொன்னது காதில் இருந்தது. சொல்லவில்லை.

அவள் ஒரு ஓரத்தைக் கடித்தாள். முகம் சுளித்தது.

“கசக்குதுங்க.”

“மருந்து பின்ன இனிக்குமா?” என்றார் மிராசுதார். தாசில்தார் இரண்டாவது கட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“இத எப்படிங்க பாதி வச்சு வீட்டுக்குக் கொண்டுபோறது? வெயில்ல உருகிரும்ங்க.”

சங்கத் தலைவர் திரும்பிப் பார்த்தார். “நீ கொஞ்சம் சும்மா இரும்மா. மிராசுதாரு கூலியில அரை மரக்கா நெல்லு ஏத்தித் தர்றேங்கிறாரு. அதக் கெடுத்துடாத.” அந்த அரை மரக்காலை அவர் பொதுக்கூட்டத்தில் சொல்ல முடியும். சோறு பழைய வழக்கம். அதைக் காப்பாற்றியதாக மேடையில் சொன்னால் யாரும் கை தட்ட மாட்டார்கள்.

‘மதிய உணவுக்குப் பதிலாக சாக்லேட் அல்லது அதற்கு ஈடான சத்துள்ள தின்பண்டம்’ என்று எழுதினார்கள். அவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். யாரும் கேட்கவில்லை, மைப்பெட்டியை நகர்த்தினார்கள். கட்டைவிரலை வைத்துவிட்டு அதைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். ‘நடவுப் பெண்களுக்கு லண்டன் சாக்லேட்: சுமுக முடிவு’ என்று என் செய்தி இரண்டாம் பக்கத்தில் வந்தது. கலோரி எண்ணையும் அப்படியே கொடுத்திருந்தேன். நல்ல செய்தி என்று அலுவலகத்திலிருந்து கடிதம் போட்டார்கள்.

நடவின் நான்காம் நாள் படம் எடுக்கப் போனேன். லண்டன் சாக்லேட் அந்த டப்பாவோடு முடிந்துவிட்டது. கும்பகோணத்து மொத்தக் கடையிலிருந்து ஒரு மூட்டை மிட்டாய் வந்திருந்தது: சர்க்கரை, டால்டா, நிறத்துக்குக் கொஞ்சம் கோகோ. மதியம் ஆளுக்கு இரண்டு. மிராசுதாரின் காரியக்காரர் வரப்பில் நின்று ஒவ்வொன்றாகப் போட்டார். சேறு படிந்த கையில் அது ஒட்டிக்கொண்டது; கையைக் கழுவினால் மிட்டாயும் போய்விடும் என்பதால் பெண்கள் சேற்றோடு தாளை நக்கினார்கள்.

“சாக்லேட் திங்கிற கொழுப்பப் பாரு, குனியவே மாட்டேங்குறாளுக,” என்றார் காரியக்காரர், எனக்குக் கேட்கும்படி. நான் கேமராவைச் சரிசெய்தேன்.

மூன்று மணிக்கு மேல் அவள் நடவு வரிசையில் பின்தங்கினாள். இரண்டு முறை சேற்றில் கை ஊன்றி நின்றாள். மறுநாள் வேறொருத்தியை வைத்து ஆள் கூட்டிவரச் சொன்னார் காரியக்காரர். ஆள் திரட்டி நடத்தியவள் கடைசி ஆளாகக்கூட வேண்டாம் என்றார்கள்.

பத்து நாள் கழித்து, பஸ் நிறுத்தத்தில் என்னைப் பார்த்ததும் அருகில் வந்தாள். தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். புருஷனை அங்கே சேர்த்திருந்தார்கள். கையில் வெறும் தூக்கு.

“ஐயா, ஒண்ணு கேக்கணும். அன்னைக்குப் படிச்சீங்களே, அவ்வளவு சத்தும் அதுல நெசமாவே இருந்துச்சுங்களா?”

“இருந்துச்சு.”

கோபம் இல்லை, கணக்குச் சரிவராத இடத்தைத் தேடுகிறவளின் முகம்.

“அன்னைக்கு நான் கடிச்சது போக மீந்தத வீட்டுக்காரருக்குத்தான் கொண்டுபோயிக் குடுத்தேன். அவருக்கும் ஒடம்பு ஒண்ணும் தேறல. எங்க ஒடம்புலதான் அது ஒட்டல போலருக்கு,” என்றாள்.

பஸ் வந்தது. உட்கார இடம் இருந்த பக்கமாக நான் ஏறிக்கொண்டேன்.