ஃபெர்மியானுக்கு எடை ஏற்றிய ஆறு வருஷம்

எங்கள் தொழிலில் தராசும் கிடையாது, எடைக்கல்லும் கிடையாது. ஆனால் நாள் முழுக்க எடை பார்ப்பதுதான் வேலை. திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் பாடம் எடுத்துக்கொண்டே, விழுப்புரத்தில் இருந்த கைடு மேடத்திடம் பகுதிநேர பிஎச்.டி. செய்தேன். எங்கோ ஒரு லேபில் மாட்டிக்கொண்டு முழிக்கும் சக ஆராய்ச்சியாளர்களே, உங்களுக்குத்தான் இது.

பஸ்ஸில் ஒரு வகுப்பு

விழுப்புரம் பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா மல்லாட்டை (வேர்க்கடலை) மூட்டையைக் காலடியில் வைத்துக்கொண்டு, என்ன படிக்கிறாய் என்று கேட்டார். வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். “எலக்ட்ரான் மாதிரி துகளுங்களுக்கு ஃபெர்மியான்னு பேருங்க. இடத்தையும் நேரத்தையும் கட்டம் கட்டமா பிரிச்சு, கம்ப்யூட்டர்ல அதுங்களை உள்ள விடுவோம். தனியா விட்டா எடையே இருக்காது. நாலு நாலா சேர்த்து ஒண்ணோட ஒண்ணு பலமா மோதவிட்டா எடை வந்துடும்” என்றேன். வழக்கமாக எடை வரவேண்டுமானால் ஒரு சமச்சீர், அதாவது துகள்களுக்குள் இருக்கும் ஓர் ஒழுங்கு, உடையவேண்டும், எங்கள் கம்ப்யூட்டர் மாதிரியில் எதுவுமே உடையாமல் வருகிறதா என்பதுதான் கேள்வி என்றும் சேர்த்துச் சொன்னேன்.

விக்கிரவாண்டி வரும்வரை அவர் யோசித்தார். இறங்கும்போது சொன்னார்: “நாலு பேரோட சேந்தா பாரம் வரத்தாம்மா செய்யும். இதுக்கு எதுக்கு கம்ப்யூட்டரு?”

ஆயுத பூஜை

கல்லூரி லேபின் மூலையில் இருந்த கணினியில் என் புரோகிராம் பதினெட்டு நாளாக ஓடிக்கொண்டிருந்தது. நடுநடுவே விடையைச் சேமிக்கச் சொல்லி நாலு வரி எழுதியிருக்கவேண்டும். சோம்பல். விடுமுறை முடிந்து போனால், மானிட்டரில் சந்தனம் குங்குமம், பெட்டி மேல் சாமந்தி மாலை, பக்கத்தில் ஒரு கை பொரி. பெட்டிக்குள் சுழலும் விசிறிச் சத்தத்தைத்தான் காணோம்; பதினெட்டு நாள் கணக்கும் போச்சு.

“யாருண்ணே ஆஃப் பண்ணது?” என்றேன். லேப் உதவியாளர் ஏழுமலை அண்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்: “நான்தான் மேடம். வருஷம் பூரா ஓடிக்கினே கீதே, பூஜை அன்னிக்காவது அதுக்கு ரெஸ்ட் குடுங்க.”

கண்டுபிடிப்பு

மறுபடி ஓடவிட்டேன். எடை வந்தது! மோதல் பலமாக இருந்தாலும் வந்தது, லேசாக இருந்தாலும் வந்தது. லேசாக மோதினால் எடை வரக்கூடாது என்றுதான் இதுவரை எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். எல்லோரும் தப்பு, நான் மட்டும் சரி என்று முடிவுகட்டி, வரைபடத்தோடு அரைக்கிலோ மைசூர்பாகும் வாங்கிக்கொண்டு மேடம் வீட்டுக்கு ஓடினேன்.

மேடம் வரைபடத்தை ஒதுக்கிவிட்டு, புரோகிராமுக்கு நான் கொடுத்த ஆரம்ப எண்களைக் கேட்டார். மூன்றாவது வரியில் இருந்தது: சோதனைக்காக நானே துகளுக்குக் கொடுத்துவிட்டு அழிக்க மறந்த சின்ன எடை. மேடம் இனிப்பில் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டார்: “நீயே எடையைப் போட்டுட்டு நீயே கண்டுபிடிச்சிருக்கே. ஆனா மைசூர்பாகு நல்லாருக்கு.”

அன்று திரும்பும் வழியெல்லாம் இதை விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். மறுநாள் போய் அந்த ஒரு வரியை மட்டும் அழித்தேன். கட்டங்களின் எண்ணிக்கையைக் கூட்டிக் கூட்டி நாலு மாதம் ஓட்டினேன். லேசான மோதலில் எடை இல்லை. பலமான மோதலில் எடை உண்டு, சமச்சீரும் உடையவில்லை. இந்த முறை இனிப்பு வாங்கவில்லை.

பொது வாய்மொழித் தேர்வு

பட்டத்துக்கு முந்தைய கடைசித் தேர்வில் பொதுமக்களும் கேள்வி கேட்கலாம் என்பது விதி. யாரும் கேட்கமாட்டார்கள் என்பது வழக்கம். வெளியூர்த் தேர்வாளர் முக்கால் மணி நேரம் என்னைக் குடைந்துவிட்டு, “வேறு யாராவது?” என்றார். ஒலக்கூரிலிருந்து வந்திருந்த பெரியப்பா எழுந்தார்.

“எடை வந்துச்சின்றியே, எத்தினி கிராம்?”

“கிராம்ல சொல்ல முடியாது பெரியப்பா. இது நெசமான துகள் இல்ல, கம்ப்யூட்டர்ல போட்ட ஒரு மாதிரிதான்.”

“அப்ப, இல்லாத சாமானுக்கா ஆறு வருஷமா எடை போட்ட?”

மேடம் கூரையைப் பார்த்தார். தேர்வாளர் பட்டத்துக்குப் பரிந்துரைத்துக் கையெழுத்துப் போட்டபடியே சொன்னார்: “என் பிஎச்.டி.ல இதை யாரும் கேக்கல, நான் தப்பிச்சேன்.”

இந்தத் தொழிலில் தப்பான விடையை நம்ப ஒரு நிமிஷம் போதும், சரியான விடையை நம்புவதற்குத்தான் நாலு மாதம் ஆகிறது.