தொட்டி மேலிருந்து சொன்ன பதில்

குமாரபாளையத்தில் தறி ஓட்டிக்கொண்டிருந்தவன் நான். எட்டாம் வகுப்பு பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டு தறிக்குடோனுக்குள் போனவன், முப்பது வருசம் அந்தச் சத்தத்துக்குள்ளேயே இருந்தேன். சத்தம் எனக்குப் புதுசில்லை என்றுதான் நினைத்திருந்தேன். கொல்லிமலை அடிவாரத்துக் கோழிப்பண்ணைக்கு வேலைக்கு வந்த நாலாம் நாள், முட்டை பொறுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்துத் தோட்டத்தில் ஒரு துப்பாக்கிச் சத்தம் கேட்டது. ஒன்றே ஒன்று. கூண்டு வரிசைகளுக்கு நடுவில், எச்சத்தின்மேல் அப்படியே குப்புறப் படுத்துவிட்டேன். கோழிகள் கொஞ்ச நேரம் கத்திவிட்டு அடங்கிவிட்டன. நான் எழுந்திருக்கவில்லை.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேலியோரம் வந்து பார்த்தார்.

"ஏனுங்க தறிக்காரரே, படுத்துட்டீங்களா? அது காட்டுப்பன்னிக்கு வெச்சதுங்க. உங்களுக்கில்ல."

அதோடு போகவில்லை. டீக்கடையில் யாராவது டம்ளரை கொஞ்சம் ஓங்கி வைத்தால்கூட, "தறிக்காரரே, படுத்தாச்சுங்களா?" என்று ஒரு குரல் வரும். நானும் சிரித்துவைப்பேன். சிரித்தாக வேண்டியிருந்தது.

ஏனென்றால் எங்களுக்குப் போக இடமில்லை. முதலாளி தறிகளை இரும்புக் கடைக்கு எடைக்குப் போட்டபிறகு, பள்ளிபாளையம், ராசிபுரம் என்று இரண்டு வருசத்தில் மூன்று வீடு மாறினோம். மூன்றாவது வீட்டில் மூட்டை கட்டும்போது என் வீட்டுக்காரி, "இன்னொருக்கா என்னால சட்டி பானை தூக்க முடியாது. அடுத்த ஊர்ல ஒட்டிக்கிட்டா உண்டு, இல்லேன்னா என்னை எங்கண்ணன் ஊட்ல உட்டுருங்க" என்று சொல்லிவிட்டாள். பண்ணையில் வேலையோடு ஒரு வீடும் கொடுத்தார்கள். பண்ணை முதலாளி நாமக்கல்லில் இருப்பவர். சாவியைக் கொடுக்கும்போதே சொன்னார்: "ஈத்தொல்லை, நாத்தம்னு தோட்டக்காரங்க மனு எழுதிப் போட்டா பண்ணையை மூடிருவாங்க. அவங்களை அனுசரிச்சுப் போற ஆளுதான் எனக்கு வேணும். முந்தி இருந்தவன் ஆறு மாசம் தாங்கல." அனுசரிப்பதுதான் வேலை, கோழி பார்ப்பதெல்லாம் அதற்கப்புறம் என்று புரிந்துகொண்டேன்.

இந்தப் பக்கம் பாதித் தோட்டங்களில் துப்பாக்கி உண்டு. லைசென்ஸ் உள்ளது சில, இல்லாதது பல. கதவுக்குப் பின்னால் குடையும் அரிவாளும் தொங்குகிற ஆணியில் அதுவும் தொங்கும். பெண்கள் ஒட்டடை அடிக்கும்போது அதை எடுத்துக் கட்டில்மேல் போட்டுவிட்டு, அடித்து முடித்ததும் மறுபடி மாட்டுவார்கள். யார் வீட்டுக்குப் போனாலும் என் கண் முதலில் அதைத்தான் தேடும். அதன் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் உட்காரமாட்டேன். பக்கத்துத் தோட்டத்துக்காரரின் சம்சாரம் ஒரு நாள் கவனித்துவிட்டார். "அது கடிக்காதுங்க. உக்காந்து காப்பி குடிங்க" என்றார். குடித்தேன். என்ன ருசி என்று கேட்டால் தெரியாது.

கொஞ்சம் கொஞ்சமாகப் பழகினேன். தோட்டத்துக்குள் நுழையுமுன் ரோட்டிலிருந்தே குரல் கொடுக்க வேண்டும். பொழுது சாய்ந்தால் தோளில் வெள்ளைத் துண்டு போட்டுக்கொள்ள வேண்டும். குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக் காட்டோரம் குனிந்து நடக்கக் கூடாது, பன்னி என்று நினைத்துவிடுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டிலிருந்து தூக்குப்போசியில் கறி வந்தது. கொழுப்பும் தோலுமாக இருந்தது. என்ன கறி என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும், அதற்கு என்ன கேஸ் என்றும் தெரியும். என் வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள். நான் சாப்பிட்டேன். மறுநாள் டீக்கடையில் பத்துப் பேர் முன்னால் பக்கத்துத் தோட்டத்துக்காரர் கேட்டார்:

"கறி எப்படிங்க இருந்துச்சு?"

"ஆட்டுக்கறி நல்லாருந்துச்சுங்க."

கடையே சிரித்தது. ஒருத்தர் என் டீக்குச் சேர்த்துக் காசு கொடுத்தார். வீட்டுக்குப் போய் அதைச் சொன்னபோது என் வீட்டுக்காரி, ரொம்ப நாளைக்கு அப்புறம், பாத்திரக் கூடையிலிருந்த நல்ல டம்ளர்களை எடுத்து அலமாரியில் அடுக்கினாள்.

போன வருசம் ஐப்பசியில், லைசென்ஸ் இல்லாத துப்பாக்கியை எல்லாம் ஒப்படைத்துவிடச் சொல்லி ஜீப்பில் மைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். மைக் சத்தம் மேல் ஊரில் கேட்டபோதே பக்கத்துத் தோட்டத்துக்காரர் சாக்கில் சுற்றிய ஒன்றைத் தூக்கிக்கொண்டு எங்கள் தீவனக் குடோனுக்கு வந்துவிட்டார்.

"நாலு நாளைக்கு இங்க கெடக்கட்டும். கோழிப்பண்ணையில யாரு தேடப்போறா?"

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அலமாரியில் அடுக்கிய டம்ளர்கள்தான் ஞாபகம் வந்தன.

"உள்ள ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"குழலுக்குள்ள மருந்து போட்டு ரவையும் கெட்டிச்சிருக்குது. காலையில பன்னிக்குன்னு போட்டேன், அதுக்குள்ள இவனுக வந்துட்டானுக. அடிச்சா நெருப்புப் பிடிக்கிற பொட்டை மேல வெக்கலீங்க. பொட்டு இல்லாம வெடிக்காது. பயப்படாதீங்க."

தவிட்டு மூட்டைகளுக்குப் பின்னால் சாத்தி வைத்தார். நான் பயந்தேன். எலி ஓடினால் வெடிக்குமா, சூட்டுக்கு வெடிக்குமா, தீவனம் இறக்குகிற ஆள் மூட்டையை மேலே போட்டால் வெடிக்குமா என்று ஒரு நாளைக்குப் பத்துத் தரம் போய்ப் பார்த்தேன். "நீங்க பாக்கிற பார்வையிலயே அது வெடிச்சிரும்" என்றாள் வீட்டுக்காரி. உள்ளே மருந்து இருக்கிறது, மருந்து இருக்கிறது என்று என் புத்தி அதையே சொல்லிக்கொண்டு கிடந்தது.

பண்ணையில் மருந்து என்றால் வேறு. கோழிக்குத் தண்ணீரில்தான் மருந்து கலப்போம். மேலே ஒரு தண்ணீர்த் தொட்டி, அதன் அடியில் ஒரு குழாய். வெயில் காலத்தில் அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் மாட்டுக்கு அதில்தான் தண்ணீர் பிடிப்பார்கள். மருந்துத் தண்ணீரை மாடு குடித்துவிடக் கூடாதே என்று, குடத்தை வைக்குமுன் கீழேயிருந்து ஒரு குரல் கொடுப்பார்கள்: "மருந்து போட்டிருக்குதுங்களா?" இருக்குது, இல்லை என்று நானும் குரல் கொடுப்பேன். நாளைக்கு நாலு பேராவது கேட்பார்கள்.

துப்பாக்கி வந்து ஆறாம் நாள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் சேந்தமங்கலம் சந்தைக்குப் போயிருந்தார். அவர் தம்பி ரிக் வண்டியில் போர் போடுகிறவர். வருசத்தில் பத்து மாசம் வடக்கே இருப்பார். முந்தின நாள்தான் ஊருக்கு வந்திருந்தார். விடிந்த கொஞ்ச நேரத்தில் கிழங்குக் காட்டில் பன்னி இறங்கிவிட்டது. அண்ணனுக்கு போன் போட்டிருக்கிறார். போனில் எதைப் பேசலாம், பேசக்கூடாது என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். "பண்ணைக் குடோன்ல இருக்குது" என்பதோடு அண்ணன் வைத்துவிட்டார்.

அந்த நேரம் நான் ஏணியில் நின்று தொட்டிக்குள் தலையை விட்டுப் பாசி தேய்த்துக்கொண்டிருந்தேன். கீழே குரல் கேட்டது.

"அண்ணா, மருந்து போட்டிருக்குதுங்களா?"

"இல்ல சாமி, போடல" என்றேன்.

குழாய் திறக்கிற சத்தம் கேட்கவில்லை. அதை அப்புறம்தான் யோசித்தேன்.

குடோனிலிருந்து எடுத்த துப்பாக்கிக்குள் மருந்து இல்லை என்று நம்பி, தம்பி மறுபடியும் மருந்து போட்டு, ரவை போட்டுக் கெட்டித்திருக்கிறார். ஒரு குழலுக்குள் இரண்டு தரம். ஏணியிலிருந்து இறங்கி வாளியைக் கழுவிக்கொண்டிருந்தபோது சத்தம் வந்தது. அது வழக்கமாகக் கேட்கிற சத்தம் இல்லை. தகரம் கிழிவதுபோல் இருந்தது. இந்தத் தடவை நான் படுக்கவில்லை. ஓடினேன்.

வரப்பில் உட்கார்ந்திருந்தார். வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரல்களும் இல்லை. முகத்தில் ஒரு பக்கம் கரி. அழவில்லை. "குழல் பழசுங்களா அண்ணா?" என்று மட்டும் கேட்டார்.

முட்டை ஏற்ற வந்து நின்ற வேனில் ஏற்றி நாமக்கல்லுக்குப் போனோம். என் வீட்டுக்காரி தன் சேலைத்தலைப்பைக் கிழித்துச் சுற்றிப் பிடித்துக்கொண்டு வந்தாள். பாதி வழியில் அண்ணன் போன் செய்தார். அழுதார், பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "கம்ப்ரசர் ஓஸ் வெடிச்சுதுன்னு சொல்லுங்க. ரிக்குல வேலை செய்யறவன், நம்புவாங்க. நீங்க பக்கத்துல நின்னு பார்த்தேன்னு சொல்லுங்க."

சொன்னேன். காயத்தைப் பார்த்த டாக்டர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு எழுதிக்கொண்டார். மத்தியானம் ஒரு போலீஸ்காரர் வந்து கேட்டார். அவரிடமும் சொன்னேன். ஓஸ் என்ன நிறம் என்று கேட்டார். கறுப்பு என்றேன். கையெழுத்துப் போடச் சொன்னார். என் கையெழுத்து எட்டாம் வகுப்புக் கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தாகத்தான் வரும். அன்றைக்கு ஒரே இழுப்பில் வந்தது.

நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே ஊர் ஆட்கள் உடைந்த குழலைப் பொறுக்கித் தூர்ந்த கிணற்றில் போட்டு மேலே கல்லைத் தள்ளிவிட்டார்களாம்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டது துப்பாக்கி மருந்தை, நான் சொன்னது கோழி மருந்தை. மனு எழுதட்டும், மூட்டை கட்டுவோம் என்று தயாராகத்தான் சொன்னேன்.

அவர் தோளில் இருந்த துண்டை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"அவனும் சொன்னானுங்க, நீங்க இல்லேன்னு சொன்னதா" என்றார். "அதை நீங்க வேற யாருகிட்டயும் சொல்ல வேண்டாம். நாங்களும் சொல்லல. ஸ்டேஷன்ல உங்க கையெழுத்து இருக்குது. எங்க துப்பாக்கி உங்க குடோன்ல இருந்துச்சு. இனி நீங்க எங்க போவீங்க, நாங்க எங்க போவோம்? நீங்க இந்த ஊருதானுங்க."

மூன்று வருசமாக நான் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அது. என் வீட்டுக்காரியிடம் சொன்னபோது, அவள் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தாள். "அப்ப இனி நம்மளை யாரும் போகச் சொல்லமாட்டாங்க" என்றாள். அடுத்த துணியை உதறிக்கொண்டே, "நாமளும் போக முடியாது" என்றாள்.

இப்போது டீக்கடையில் யாரும் என்னைக் கேலி பேசுவதில்லை. நான் போனால் பெஞ்சில் நகர்ந்து இடம் விடுகிறார்கள். கூட்டுறவுச் சங்கமோ கோயில் வரியோ, எதற்கும் என்னையும் கூப்பிடுகிறார்கள்.

தம்பியை ரிக்கில் மறுபடி சேர்த்துக்கொள்ளவில்லை. ஒரு கண்ணில் பார்வையும் மங்கல். அவரைப் பண்ணையில் வேலைக்கு வைத்துக்கொள்ளச் சொல்லி முதலாளியிடம் நான்தான் கேட்டேன். காலையில் கூண்டு வரிசையின் அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். இடது கையால் முட்டையை எடுத்து, வலது கையில் மிச்சமிருக்கிற இரண்டு விரலுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் அட்டையை அணைத்துப் பிடித்து அடுக்குவார். முதல் மாதம் நிறைய உடைந்தது. இப்போது அவ்வளவு இல்லை.

அதைப்பற்றி அவர் ஒரே ஒரு தடவைதான் பேசினார். கம்பி வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, முட்டையை எடுத்தபடியே கேட்டார்.

"அண்ணா, நான் கேட்டப்ப என் கையில அது இருந்துச்சு. நீங்க பாக்கலீங்களா?"

"தொட்டிக்குள்ள தலைய உட்டிருந்தேன். திரும்பிப் பாக்கல சாமி."

அவர் தலையை ஆட்டினார். அடுத்த கூண்டுக்கு நகர்ந்தார். நானும் என் பக்கத்தில் அடுத்த கூண்டுக்கு நகர்ந்தேன்.