புரட்டிப் பார்த்த ஆறு முட்டைகள்

திருப்பூரில் எங்கள் பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில் என் கைக்குத் தப்பிய ஓட்டை கிடையாது. ஒவ்வொரு பீஸையும் புரட்டிப் பார்த்துவிடுவேன். கல்லூரியிலிருந்து நாகப்பட்டினம் கடற்கரைக்கு ஆமை முட்டைகளைக் காக்கப் போனபோதும் அதே கைதான். காலையில் மணலைத் தோண்டி, முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு மாற்றினோம். விரிசல் இருக்கிறதா என்று எடுத்த ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்தேன்.

"புரட்டாதீங்க, உள்ள கரு செத்துடும்!" என்று கத்தினாள், உடன் வந்த உள்ளூர் மாணவி.

என் கையில் இருந்தது ஆறாவது முட்டை. முதல் ஐந்தை யாரும் பார்க்கவில்லை, மறைத்திருக்கலாம்.

"முன்னாடியே அஞ்சைப் புரட்டிட்டனுங்க," என்றேன்.

ஆறையும் தனிக்குழியில் புதைத்தோம். பின்னொரு நாள் மற்ற முட்டைகளின் குஞ்சுகள் கடலுக்கு ஓடின. அந்தக் குழி மட்டும் அசையவே இல்லை.

இன்றும் செக்கிங்கில் என்னை மிஞ்ச ஆளில்லை. ஆனால், நான் குறை தேடும்வரை அந்த ஆறிலும் ஒரு குறையும் இல்லை.