மேட் கலைமணியும் கோடை இடியும்

சோளக்காடு கிராமத்துக்கு மேலே மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊருக்குக் கலைமணி வாழ்க்கைப்பட்டு வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. அந்தப் பத்தொன்பது வருடத்தில் ஒரு கோடையையும் அவள் நிம்மதியாகக் கழித்ததில்லை. கொல்லிமலையில் கோடை மழை மத்தியானத்துக்கு மேல்தான் வரும். காலையில் வானம் கழுவிவிட்டது போல இருக்கும். பதினொரு மணிக்குக் காற்று நின்றுபோகும். ஒரு மணிக்கு மேற்கே கருக்கும். அப்புறம் இடி. மலைமேல் இடி தலைக்கு மேலே இடிப்பதில்லை, தோளுக்குப் பக்கத்தில் இடிக்கும்.

அவள் பிறந்தது மலையடிவாரத்தில், முள்ளுக்குறிச்சியில். பதினோரு வயதில், இதே மே மாதத்தில், அருணா என்ற சிநேகிதியோடு ஆடு ஓட்டிக்கொண்டு வரும்போது மழை பிடித்துக்கொண்டது. இருவரும் ஒரு புளியமரத்தை நோக்கி ஓடினார்கள். அருணா முதலில் போய்ச் சேர்ந்தாள். கலைமணி காலில் முள் குத்தி இருபதடி பின்னால் நின்றாள். கண் கூசும் வெளிச்சம் ஒன்று வந்தது. அதன் பிறகு அருணா நிற்கவில்லை, படுத்துக் கிடந்தாள். உடம்பில் காயம் எதுவும் இல்லை. தொடப்போன கலைமணியை, பின்னால் ஓடிவந்த யாரோ ஒரு அம்மாள், "தொடாத கண்ணு, கரண்ட் இருக்கும்" என்று பிடித்து இழுத்தாள். ஒருவரும் தொடவில்லை. அரை மணி நேரம் அருணா மழையில் அப்படியே கிடந்தாள்.

அன்று முதல் கலைமணிக்கு இடி என்றால் பயம். கல்யாணமான புதிதில் இடி இடித்தால் உள்ளறையில் அரிசி மூட்டைக்குப் பின்னால் போய்க் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். கணவன் மணிவண்ணன் முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பதை விட்டுவிட்டு, இடி இடிக்கும்போது அவனும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்ள ஆரம்பித்தான்.

பன்னிரண்டாவது வரை படித்திருந்ததால் நூறு நாள் வேலைக்கு அவளை 'மேட்' என்ற மேற்பார்வையாளாகப் போட்டார்கள். வருகை எடுப்பது, வேலையை அளந்து பிரித்துக் கொடுப்பது, செல்போனில் இரண்டு தடவை எல்லோரையும் நிற்க வைத்துப் படம் எடுத்து ஏற்றுவது, இதுதான் அவள் வேலை. முதல் படம் எடுத்து நாலு மணி நேரம் கழிந்தால்தான் இரண்டாவது படம் எடுக்க முடியும். இரண்டாவது படம் ஏறாவிட்டால் அன்றைய நாள் யாருக்கும் கணக்கில் வராது.

ராசிபுரத்தில் கல்லூரி படிக்கும் மகள் ஜெயசுதா, அம்மாவின் செல்போனில் மின்னல் எங்கே விழுகிறது என்று காட்டும் ஒரு செயலியை இறக்கிக் கொடுத்திருந்தாள். கலைமணி அதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். வானிலை அறிக்கையும் பார்ப்பாள். நாமக்கல்லில் நூற்றுநாலு டிகிரி என்றால் அவளுக்கு வெயில் தெரியாது. அவ்வளவு சூடு கீழே ஏறினால் மத்தியானம் மேலே என்ன வரும் என்பதுதான் தெரியும்.

அந்த வருடம் கத்திரி வெயில் ஆரம்பித்த முதல் வாரத்தில் மூன்று நாள் எச்சரிக்கை வந்தது. மூன்று நாளும் அவள் வேலையை நிறுத்தி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினாள். மூன்று நாளும் ஒரு சொட்டு விழவில்லை. இரண்டு நாள் இடி முள்ளுக்குறிச்சிப் பக்கம் உறுமிவிட்டுப் போய்விட்டது. மூன்றாம் நாள் அதுவும் இல்லை. மூன்று நாள் உழைப்பும் வீணாய்ப் போனது.

"ஏங்கண்ணு, நீ பயந்தா நீ ஊட்டுக்குப் போ. எங்களை எதுக்குச் சாமி ஓட்டுற?" என்றாள் இருசாயி. அறுபது வயதை நெருங்கியவள், கலைமணிக்கு அத்தை முறை. "மானத்தப் பாத்தா எங்களுக்குத் தெரியாதா? செல்லப் பாத்துத்தான் மழை வருதுன்னு தெரியணுமாக்கும்."

மற்றவர்களும் முணுமுணுத்தார்கள். எப்போதும் கூடவே நடந்து வரும் ருக்குமணி அன்று கலைமணியோடு சேர்ந்து வரவில்லை. அதுதான் கலைமணிக்கு அதிகமாக வலித்தது. இனி அவசரப்படுவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்துகொண்டாள்.

நான்காவது எச்சரிக்கை செவ்வாய்க்கிழமை வந்தது.

சரிவில் மண் அரிக்காமல் இருக்கக் குழி வெட்டும் வேலை. இருபத்திரண்டு பெண்கள். சரிவின் நடுவில் தனியாக ஒரு பெரிய பலாமரம். அதன் கிளைகளில் சோற்றுத் தூக்குப்போசிகளை மாட்டியிருந்தார்கள். காலை ஒன்பது நாற்பதுக்கு முதல் படம் எடுத்தாயிற்று. இரண்டாவது படத்துக்கு ஒன்று நாற்பது ஆக வேண்டும்.

பதினொரு மணிக்கு மேல் ஒரு இலைகூட அசையவில்லை. மண்வெட்டிப் பிடி வியர்வையில் வழுக்கியது. பாவாயி, "என்ன இப்படிப் புழுங்குது" என்று முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். பாவாயிக்கு நாற்பத்தைந்து வயது. கூட்டத்தில் அவள் குரல்தான் பெரியது. வேலை செய்துகொண்டே அடுத்த சரிவில் மிளகுக்கொடி பார்க்கும் கணவன் வெள்ளையனோடு பேசிவிடுவாள்.

பன்னிரண்டே முக்காலுக்குக் கலைமணியின் செல்போன் அலறியது. அடுத்த மூன்று மணி நேரத்தில் இடி மின்னலுடன் மழை, பலத்த காற்று, மலைப்பகுதி மக்கள் பாதுகாப்பான இடத்தில் இருக்கவும் என்று வந்திருந்தது. இருபத்திரண்டு தலையும் திரும்பி அவளைப் பார்த்தன.

"ஆரம்பிச்சிருச்சு" என்றாள் இருசாயி.

சிலர் சிரித்தார்கள். கலைமணி செல்போனை இடுப்பில் செருகிக்கொண்டாள். தலைக்கு மேலே வானம் வெள்ளையாகத்தான் இருந்தது. மேற்கே மட்டும் மலை முகட்டுக்குப் பின்னால் ஒரு கறுப்பு எழும்பியிருந்தது. இன்னும் ஐம்பத்தைந்து நிமிடம். படத்தை எடுத்துவிட்டால் எல்லோரையும் அனுப்பிவிடலாம். "வேலை நடக்கட்டும்" என்றாள். சொல்லிவிட்டு மேற்கேயே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒன்று பத்துக்கு முதல் உறுமல் கேட்டது. வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் நடுவே எண்ணினால் இடி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரியும் என மகள் சொல்லியிருந்தாள். முப்பதுக்குள் சத்தம் வந்தால் வெளியே நிற்கக் கூடாது. அடுத்த மின்னலுக்கு எண்ணினாள். நாற்பத்தொன்று. அதற்கு அடுத்தது முப்பத்தாறு. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சொன்னால் சிரிப்பார்கள். அதற்குள் காற்று வந்தது. ஒரே வீச்சில் மண்ணை வாரி எல்லோர் முகத்திலும் அடித்தது. பலா இலைகள் அத்தனையும் வெளுத்த அடிப்பக்கம் தெரியத் திரும்பின.

மின்னியது. எண்ணினாள். பதினேழில் இடித்தது.

"எல்லாரும் எந்திரிங்க! மம்முட்டியக் கீழ போடுங்க! ரேசன் கடைக்கு ஓடுங்க!"

"படம் எடுக்க இருவது நிமிசந்தான கண்ணு இருக்குது" என்றாள் மாதம்மாள்.

"படம் வேண்டாங்க்கா. ஓடுங்க!"

அதற்கு மேல் அவளால் நிற்க முடியவில்லை. இருபத்திரண்டு பேருக்குப் பொறுப்பானவள் என்பதெல்லாம் மறந்துபோய், வருகைப் பதிவேட்டைக் குழிக்குள் போட்டுவிட்டு அவளே முதலில் ஓடினாள். பின்னாளில் மற்றவர்கள், கலைமணி எங்களை ஓட்டிக்கொண்டு போனாள் என்று சொன்னார்கள். உண்மை அதுவல்ல. அவள் முகம் இருந்த இருப்பைப் பார்த்துப் பயந்துதான் அவர்கள் பின்னால் ஓடினார்கள்.

ரேசன் கடை இருநூறு மீட்டர் தூரத்தில், ரோட்டோரமாக. கான்கிரீட் கட்டடம். உள்ளே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு எண்ணினாள். இருபது பேர். மறுபடி எண்ணினாள். இருபதுதான்.

"அத்தையெங்க? பாவாயக்கா எங்க?"

"மரத்தடியில நிக்கறாங்க. மழை விட்டதும் வாரேன்னு சொன்னாங்க" என்றாள் ருக்குமணி.

வாசலில் நின்று பார்த்தாள். மழை சாய்வாக இறங்கிக்கொண்டிருந்தது. கூடவே ஆலங்கட்டி, சுண்டைக்காய் அளவில். அதன் நடுவே பலாமரமும் அதை ஒட்டி இரண்டு உருவமும் தெரிந்தன. கலைமணியின் கால் வாசற்படியைத் தாண்ட மறுத்தது. மரத்தின் அருகே ஒரு பெண் நிற்பதை அவள் ஏற்கெனவே ஒரு தடவை பார்த்திருக்கிறாள்.

அவள் வெளியே இறங்கினாள். முழுதாகப் போகவில்லை, பாதி தூரம்தான் போனாள். அதற்கு மேல் முடியவில்லை. அங்கேயே குனிந்து நின்று தொண்டை கிழியக் கத்தினாள்.

"அத்தே! மரத்தவுட்டு வெளிய வாங்க! பாவாயக்கா! மரத்தவுட்டு வாங்க!"

இருசாயி என்ன நினைத்தாளோ, முக்காட்டைப் போட்டுக்கொண்டு சரிவில் இறங்க ஆரம்பித்தாள். பாவாயியும் கூட வந்தாள். பத்தடி வந்தவள் தூக்குப்போசி ஞாபகம் வந்து திரும்பினாள்.

எண்ணுவதற்கு நேரமே இருக்கவில்லை. வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வந்தன. சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது, நெஞ்சில் யாரோ பலகையால் அறைந்த மாதிரி இருந்தது. கலைமணி மண்ணில் உட்கார்ந்திருந்தாள். எப்போது உட்கார்ந்தாள் என்று தெரியவில்லை. காதில் ரீங்காரம். பலாமரத்தின் பட்டை உச்சியிலிருந்து அடி வரை ஒரு கோடாக உரிந்து வெள்ளையாகத் தெரிந்தது. இருசாயி நான்கு காலில் தவழ்ந்துகொண்டிருந்தாள். பாவாயி மரத்துக்கும் அவளுக்கும் நடுவே குப்புறக் கிடந்தாள்.

எப்படி அங்கே போனாள் என்பது கலைமணிக்கு இன்றைக்கும் சரியாக நினைவில்லை. பாவாயியைப் புரட்டிப் போட்டாள். கண் பாதி திறந்திருந்தது. மூச்சு இல்லை.

"தொடாத! கரண்ட் இருக்கும்!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

கை ஒரு நொடி நின்றது. இரண்டு வருடத்துக்கு முன் செம்மேட்டில் மேட்டுகளுக்கு ஒரு பயிற்சி நடந்தது. ஒரு நர்சம்மா ரப்பர் பொம்மையை வைத்து நெஞ்சை அமுக்கக் காட்டினார். இடி விழுந்தவர் உடம்பில் கரண்ட் நிற்காது, உடனே தொடலாம் என்றும் சொன்னார். அன்று அதைக் கேட்டுவிட்டுக் கலைமணி வெளியே போய் அழுதாள். அருணாவை யாரும் தொடவில்லையே என்று அழுதாள்.

இரண்டு கையையும் கோத்துப் பாவாயியின் நெஞ்சு நடுவில் வைத்து அமுக்கினாள். மேலே மின்னிக்கொண்டுதான் இருந்தது. ஒவ்வொரு மின்னலுக்கும் அவள் உடம்பு துள்ளியது. வாய்விட்டு அழுதுகொண்டே எண்ணி அமுக்கினாள். ருக்குமணி ஓடிவந்து எதிரே மண்டியிட்டாள். "நான் மாத்தறேன், சொல்லிக் கொடு" என்றாள். கலைமணிக்குக் கை ஓய்ந்தபோது அவள் அமுக்கினாள். எத்தனை நேரம் என்று தெரியாது. பாவாயியின் தொண்டையில் ஒரு குறட்டை மாதிரி சத்தம் வந்தது. பிறகு இருமினாள்.

ரேசன் கடை முன்னால் நின்றிருந்த உள்ளூர்க்காரர் சுதாகரின் பிக்கப் வண்டியில் அவளை ஏற்றிச் செம்மேட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து ஆம்புலன்சில் மலை இறக்கினார்கள். கலைமணியும் கூடப் போனாள். ஒவ்வொரு வளைவிலும் பாவாயியின் தலை ஆடாமல் மடியில் பிடித்துக்கொண்டாள். அடிவாரத்தில் காரவள்ளி வந்ததும் கதவு இடுக்கு வழியே அனல் அடித்தது. கீழே ஒரு சொட்டு மழை பெய்திருக்கவில்லை. ரோட்டோரம் ஒருவர் துண்டால் விசிறிக்கொண்டு இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

நாமக்கல் ஆஸ்பத்திரி வராந்தாவில் வெள்ளையன் வந்து நின்றபோது, அவர் கேட்காமலே கலைமணி சொன்னாள்.

"மெசேஜ் பன்னெண்டே முக்காலுக்கே வந்திருச்சுங்கண்ணா. நாந்தான் நிறுத்தல. எல்லாரும் சிரிப்பாங்கன்னு படத்துக்காகக் காத்துக்கிட்டு இருந்துட்டேன்."

வெள்ளையன் பெஞ்சில் உட்கார்ந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவளும்தான் சிரிச்சிருப்பா" என்றார் கடைசியில். பிறகு, "மூச்சு நின்னுபோச்சாமே. நீதான் எழுப்புனயாமே. டாக்டர் சொன்னாரு" என்றார்.

பதினாலு நாள் கழித்துப் பாவாயி வீடு திரும்பினாள். தோளிலிருந்து இடுப்பு வரை வேர் படர்ந்த மாதிரி ஒரு சிவப்புத் தடம் இருந்தது, அது மெல்ல மறைந்துவிட்டது. இடது காது மட்டும் கேட்காமலே போய்விட்டது. அருணாவைப் பற்றி அதுவரை மலையில் மணிவண்ணனைத் தவிர யாருக்கும் சொல்லாத கலைமணி, அந்த வாரம் ருக்குமணியிடம் முழுவதும் சொன்னாள்.

கோடை அதோடு முடிந்துவிடவில்லை. மே முடியும் வரை இன்னும் எட்டு நாள் இடி இடித்தது. இரண்டு வாரம் கலைமணி வேலைக்கே போகவில்லை. செல்போன் ஒலித்தாலே தட்டு கைநழுவி விழுந்தது. மேட் வேலை வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கக்கூடப் போனாள். இருசாயிதான் வழியில் மறித்தாள். சமாதானம் எதுவும் சொல்லவில்லை. "காலைல ஆறரைக்கே வேலைய ஆரம்பிச்சா பத்தரைக்கு ரெண்டாவது படம் எடுத்தர்லாமல்ல?" என்று மட்டும் கேட்டாள்.

கலைமணி ஒன்றிய ஆபீசில் போய்க் கேட்டதற்கு அனுமதி கிடைத்தது. கோடை மாதங்களில் அந்த ஊரில் இப்போது பனி விலகுவதற்குள் வேலை தொடங்கிவிடுகிறது. மேகம் கூடும் நேரத்துக்குச் சரிவில் ஆள் இருப்பதில்லை. கலைமணியின் பயம் குறைந்துவிட்டதா என்றால், இல்லை. இடி கேட்டால் இப்போதும் உள்ளறைக்குத்தான் போகிறாள். பாவாயி ஆடி மாதத்தில் வேலைக்கு வந்தாள். முன்னைவிடச் சத்தமாகப் பேசுகிறாள். யாராவது கூப்பிட்டால் வலது காதைத் திருப்பிக் காட்டி, "இந்தப் பக்கம் வந்து சொல்லு சாமி" என்கிறாள்.