டின்னுக்குள் கண்டது

மஸாஹிராவைப் போல ஒரு சுத்தக்காரியை வத்தேகமயில் நான் கண்டதில்லை. எனக்குச் சட்டை தைத்துத் தருபவள். துணியைத் தொடுமுன் கை கழுவுவாள், தைத்து முடித்தும் கழுவுவாள். நான் கண்டி நீதிமன்றத்தில் வழக்குப் பேசும் யாழ்ப்பாணத்துக்காரி. சொன்னதையே மாற்றிச் சொல்லும் சாட்சிகளோடு மல்லுக்கட்டி என் பொறுமை எப்போதோ போய்விட்டது. அவளை அந்தச் சுத்தம்தான் கெடுத்தது என்பேன்.

நோன்பு மாதத்தில் ஒரு பின்னேரம் புதுப் பால்மா பக்கற்றை உடைத்து டின்னில் கொட்டினாள். மேலாக அள்ளிக் கரைத்து, அடுத்த வீட்டுத் தங்கை றம்லத்துக்கும் ஒரு ஜக் அனுப்பினாள். நோன்பு பிடிக்காத சின்னப்பிள்ளை ஸனா, றம்லத்தின் மகள், முதலில் குடித்தாள். விடியும்போது பிள்ளைக்கு ஓயாத வாந்தி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள். அன்று பின்னேரம் மஸாஹிரா டின்னுக்குள் கரண்டியை ஆழ விட்டபோது, மாவுக்குள் செத்த எலிக்குஞ்சு கிடந்தது.

வேறொருத்தி என்றால் கத்தி ஊரைக் கூட்டியிருப்பாள். மஸாஹிராவுக்கு அது நஜீஸ், வீட்டில் வைக்கக்கூடாத அசுத்தம். எலியையும் மாவையும் குழி தோண்டிப் புதைத்தாள். டின்னைத் திரும்பத் திரும்பக் கழுவினாள். பிறகுதான் என்னிடம் வந்தாள்.

"பக்கற் எங்க?"

"எரிச்சிட்டேன் மிஸ். நஜீஸ வீட்டுல வெக்கேலுமா?"

தலையில் அடித்துக்கொண்டேன். எல்லாவற்றையும் அப்படியே கட்டி, கடை பில்லோடு சுகாதாரப் பரிசோதகரிடம் கொடுத்திருந்தால் ஆய்வுக்கு அனுப்பியிருப்பார். நுகர்வோர் அதிகார சபையில் முறையிட்டிருக்கலாம், நட்டஈடு கேட்டு வழக்கும் போட்டிருக்கலாம். இப்போது கையில் ஒன்றுமில்லை.

கொம்பனிக்கு எழுதினேன். தங்கள் மாவில் எலி வர வழியே இல்லை, வீட்டில் விழுந்திருக்கும் என்று பதில் வந்தது. அந்தக் கதை ஊருக்குள்ளும் பரவியது. ஸனா சுகமாகி வந்துவிட்டாள், றம்லத்தும் அக்காவைக் குறை சொல்லவில்லை.

"புள்ள வாசல்ல வந்து நிக்கிறா மிஸ், உள்ள வாரல்ல. உம்மா விடுறல்ல."

மஸாஹிராவுக்கு இப்போதெல்லாம் சுவருக்குள் ஏதோ ஓடுகிற சத்தம் கேட்கிறதாம். பொறி வைத்துப் பார்த்தாள், ஒன்றும் அகப்படவில்லை. தைத்துக்கொண்டிருப்பவள் மெஷினை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பதை நானே கண்டேன்.

ஒரு வழி இருந்தது. ஸனாவின் வருத்தத்தை எழுதிக் கொடுத்த ஆஸ்பத்திரித் துண்டும், மா விற்ற கடைக்காரர் ரஸீனின் வாக்குமூலமும், இவளுடைய சத்தியக்கடதாசியும் சேர்ந்தால் முறைப்பாடு நிற்கும் என்று நம்பினேன். 'பக்கற்றிலிருந்து எலி விழக் கண்டேன்' என்று நானே தட்டச்சு செய்து வைத்தேன். அவள் நிதானமாக வாசித்தாள்.

"விழுந்ததக் காணல்ல மிஸ். டின்னுலதான் கண்டேன்."

"பக்கற்றில இருந்துதானே வந்திருக்கவேணும்?"

"அன்னைக்கி டின்ன நல்லா மூடினேனான்னு நெனவில்ல. அல்லாஹ்வுக்குப் பயந்து சொல்றேன், சத்தியம் பண்ண ஏலா."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்கள் கையெழுத்து வைக்காட்டி அவங்கள் சொல்லுறதுதான் உண்மையாகும். ஸனா உங்கட வீட்டுப் படி மிதிக்க மாட்டாள்."

அவள் பேனையை மேசையில் வைத்தாள். ஸனாவின் பெயரைக் கேட்டதும் கண் கலங்கியது, ஆனாலும் பேனையை மறுபடி எடுக்கவில்லை.

"அப்ப அது என்ட வீட்டு எலியா மிஸ்?"

மேசையில் கிடந்த பேனையை நான் எடுத்து, 'பக்கற்றிலிருந்து எலி விழக் கண்டேன்' என்ற வரியை வெட்டினேன்.