வீரம்மா பிறந்த கதை

கதையை ஆளுக்குத் தகுந்த மாதிரி சொல்ல வேண்டும். கேட்கிறவரையும் அதில் ஓரமாக உட்கார வைக்க வேண்டும். ரப்பர் தோட்டத்தில், பால் நிறுக்கும் வரிசையில் நின்றபடி வீரம்மா பழகிய வித்தை அது. அதுவே இப்போது அவளைக் கவிழ்த்துவிட்டது.

அறுபத்திரண்டு வயது. மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். பிறப்பைப் பதிய அவளுடைய அப்பா போயிருந்தால் அன்றைய கூலி போயிருக்கும், அவர் போகவில்லை. தோட்டம் கைமாறியபோது, பிறப்பைக் குறித்து வைத்திருந்த மருந்தகத்துப் பதிவேடுகளும் காணாமல் போயின. தொலைத்தது கம்பெனி, நிரூபிக்க வேண்டியவள் இவள். நாற்பது வருடம் பால்மரம் சீவியவளிடம் இன்றும் இருப்பது சிவப்பு அடையாள அட்டைதான். குடியுரிமை இல்லை, ஓட்டு இல்லை.

குடியுரிமை கேட்டு ஈப்போ பதிவு அலுவலகத்தில் இது மூன்றாவது நேர்காணல். அதிகாரி விக்னேஸ்வரன் அவளுடைய பழைய வாக்குமூலங்கள் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்.

"ஒண்ணுல சீனக் கடை லாரியால பொழச்சேன்னு இருக்கு. இன்னொண்ணுல மலாய்க்கார மருத்துவச்சி. எதும்மா நெசம்?"

"ரெண்டும் நெசந்தான் தம்பி. சீனக் கடை மொதலாளி, அந்தத் தவுக்கே லாரிதான் மருத்துவச்சிய ஏத்திக்கிட்டு வந்துச்சு. மொத தடவ இந்த நாற்காலில இருந்தது சீனத்தியம்மா, அதான் லாரிய சொன்னேன். அடுத்து மலாய்க்கார ஐயா. அவங்களுக்கும் மனசு குளிரணும்ல?"

"அப்ப இன்னிக்கு எனக்கு? முருகன் வந்து பிரசவம் பாத்தாரா?"

"அம்மா, பேசாம இருங்கலா," என்று மகள் பிரமிளா முழங்கையைக் கிள்ளினாள்.

வீரம்மா விடவில்லை. அங்கே கிடந்த தாளைத் திருப்பி வரைந்தாள். கூலிக்காரர்களின் லயத்து வீடுகள், மருந்தகம், கடை, லாரி வந்த செம்மண் பாதை. அதிகாரியின் விரல் அந்தப் பாதையில் கொஞ்ச தூரம் போனது. பிறகு நின்றது.

"படத்தையெல்லாம் ஃபைல்ல வைக்க முடியாதும்மா."

பொய்யன்தான் ஒரே கதையை மனப்பாடமாக ஒப்பிப்பான் என்று எந்தச் சட்டமும் சொல்வதில்லை. மாற்றிச் சொன்னால் சந்தேகம், அவ்வளவுதான்.

அவர் மலாயில் தட்டச்சு செய்து கொடுத்ததைப் பிரமிளா மெதுவாகப் படித்தாள். "பிறந்த இடம், உறுதியில்லைன்னு போட்டிருக்காங்க."

"எனக்குத் தெரியுமே! இப்பதானே வரைஞ்சேன்?"

"கையெழுத்து போடலன்னா ஃபைல மூடிருவாங்கம்மா."

"போட்டா?"

"ஃபைல் இருக்கும். ஆனா எங்க பொறந்தேன்னு தெரியலன்னு நீங்களே ஒத்துக்கிட்டதா ஆயிரும்," என்றாள் பிரமிளா. அதிகாரி பேனாவை நீட்டினார். வெளியே அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்கள். வீரம்மா தன் பெயரை எழுத்துக் கூட்டி, கோட்டைத் தாண்டாமல், எழுதிக் கொடுத்தாள்.